பதினைந்தாயிரம் அடி மொட்டை மாடி

வேங்கிக்காலில் வேடியப்பன் கட்டிய வீட்டின் மொட்டை மாடி கடல் மட்டத்திலிருந்து பதினைந்தாயிரம் அடி உயரத்தில் இருந்தது. வீட்டின் தரை மட்டும் தெருவிலுள்ள மற்ற வீடுகளின் தரை இருக்கிற உயரத்தில்தான் இருந்தது. நடுவில் பதினைந்து படிகள். படிக்கு ஆயிரம் அடி என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். தெருவில் நின்று பார்ப்பவருக்குப் பதினோரு அடிச் சுவரும் அதற்கு மேலே ஒரு கொடிக்கயிறும் தெரியுமே தவிர, வேறு வித்தியாசம் எதுவும் தெரியாது. ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறாவது படியில் தலை வலிக்கும். பத்தாவது படியில் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும். பன்னிரண்டைத் தாண்டியவர்களைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும்.

இதற்குக் காரணம் வேடியப்பனின் கஞ்சத்தனம் என்று தெருவில் சொல்வார்கள். 1989இல் மாவட்டம் பிரிந்தபோது வேலூரில் குமாஸ்தாவாக இருந்தவன் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பம். எதையும் கடையில் வாங்குவது அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. வீடு முடிகிற நேரத்தில் மாடியில் போட ஒரு துவைக்கிற கல் வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் கிடந்த ஒரு கல்லை அவன் பார்த்து வைத்திருந்தான். மூன்றடி நீளம், ஒரு பக்கம் வழவழப்பு, துணியை அடிப்பதற்கென்றே செய்து போட்ட மாதிரி. திருவண்ணாமலையில் யாரும் மலையிலிருந்து கல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. மலையே சாமி என்னும்போது எந்தக் கல் சாமியின் விரல், எந்தக் கல் நெற்றி என்று யார் கண்டது? கொத்தனார் இருசப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "அது கல்லு இல்ல சார். ஊரே செருப்பக் கழட்டிப் போட்டுட்டு அத சுத்தி வருதே, இன்னாத்துக்குனு நினைக்கிறீங்க?" என்றார். வேடியப்பன் சிரித்தான். "சாமி ரொம்பப் பெரிசு இருசப்பா. ஒரு கல்லு கம்மியானா அதுக்குத் தெரியவா போவுது?" என்றான். வெளியூர் ஆட்கள் இரண்டு பேரை வைத்து 1990 கார்த்திகை மாதம் கல்லை மாடியில் ஏற்றினான். அன்று சாயங்காலமே மாடி மேலே போய்விட்டது. மறுவாரம் கல்லை இறக்கிவிடலாம் என்று எட்டுப் பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் ஏற்றிய கல் எட்டுப் பேருக்கு அசைந்து கொடுக்கவில்லை. துணி சீக்கிரம் காய்கிறது, கிடக்கட்டும் என்று வேடியப்பன் சொல்லிவிட்டான்.

துணி சீக்கிரம் காய்ந்தது உண்மைதான். ஆனால் அதை ஏறிப் போய்த் துவைக்க வேண்டியவள் அவன் மனைவி கன்னியம்மாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். முதல் நாள் நாலு இடத்தில் உட்கார்ந்து, மூக்கு ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஏறினாள். வாளித் தண்ணீர் மேலே ஆடை கட்டின மாதிரி உறைந்திருந்தது. கையால் உடைத்துத் துவைத்தாள். பத்து நாளில் அவளுக்கு மாடி பழகிவிட்டது. துணி சேர்ந்துகொண்டே இருந்தால் எதுவும் பழகிவிடும். அங்கே அரிசி வேகாது, பால் சுடாமலேயே பொங்கும், வத்தல் ஒரு மணி நேரத்தில் காயும் என்பதையெல்லாம் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். மாடியிலிருந்து விழுகிற எதுவும், மேலே வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்ததோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டுதான் கீழே போகும் என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு நிமிடத்தில் தூக்கிவந்த பக்கெட் கைதவறினால், இரண்டு நிமிடம் காற்றில் இறங்கி முற்றத்தைத் தொடும். அந்த வருஷம் தீபத்தன்று மலை உச்சியில் ஏற்றிய ஜோதி அவள் காலுக்கு வெகு கீழே அகல்விளக்கு மாதிரி எரிந்தது. ஊரே அண்ணாந்து பார்த்து அரோகரா சொன்னபோது அவள் குனிந்து சொன்னாள்.

தை மாதம் ஒரு மதியம், விறைத்துப்போன வேட்டியைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலி எடுத்தது. கூப்பிட்டால் யாரும் ஏறி வர முடியாது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அவளே பெற்றாள், அவளே தொப்புள்கொடி அறுத்தாள். பெண். வயிற்றில் இன்னொன்று புரண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். எட்டாவது படியில் குழந்தை நீலம் பாய்ந்தது. திரும்ப ஏறினாள், குழந்தை சிவந்தது. வேறு வழியில்லாமல் அதைத் துணிமூட்டைக்குள் பொத்தி மேலேயே விட்டுவிட்டு, கீழே கூடத்தில் வந்து விழுந்தாள். அங்கே வேடியப்பனின் அக்கா தங்கம்மாள் இரண்டாவதைப் பிடித்தெடுத்தாள். அதுவும் பெண். மூத்தவள் எழிலரசி, இளையவள் மதிவதனி. அரை மணி நேரமும் பதினைந்து படியும்தான் வித்தியாசம். மறுநாள் இளையவளை மேலே தூக்கிப் போய்ப் பார்த்தாள். ஏழாவது படியில் அதுவும் நீலம் பாய்ந்தது. முகம் ஒன்று, மூக்கு ஒன்று, காது மடல்கூட ஒன்று. மூச்சு மட்டும் ஒருத்திக்கு மாடியிலும் ஒருத்திக்குத் தரையிலுமாக அமைந்துபோனது.

ஒன்றரை வருஷம் கன்னியம்மாள் ஏறி இறங்கினாள். ஒரு நாளைக்கு ஏழு முறை, எட்டு முறை. கீழே இருக்கும்போது மேலே அழும். மேலே போனால் கீழே அழும். உதடு வெடித்தது, கால் வீங்கியது, ரத்தம் புளிக்கரைசல் மாதிரி கெட்டியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸ் சொன்னாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதயம் வீங்கிப்போச்சும்மா. மேல இருக்கணும்னா மேலயே இரு, கீழன்னா கீழயே இரு. இப்பிடியே ஏறி எறங்கினா அடுத்த பொங்கலுக்கு நீ இருக்கமாட்ட" என்றார். வேடியப்பன் யோசித்துவிட்டு, ஒன்றுதான் பிழைக்கும் போல இருக்கிறது என்று மட்டும் சொன்னான், எது என்று சொல்லவில்லை. தங்கம்மாள் சொன்னாள். கல்யாணமாகி ஆறே மாதத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டில் வந்து இருக்கிறவள் அவள். "ரெண்டும் வேணும்னு ரெண்டையும் தின்னுடாத கன்னியம்மா. மேல கீறத நீ பாரு. கீழ கீறத நான் வளத்துக்கறேன்." சொல்லும்போதே மதிவதனியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். கன்னியம்மாளுக்குப் பதில் பறவைகளிடமிருந்து வந்தது.

பறவைகள் 1991 சித்திரையிலேயே வந்துவிட்டன. புறாவைவிடச் சின்னவை, மைனாவைவிடப் பெரியவை. சாம்பல் உடம்பு, வெள்ளைக் கழுத்து, கால் விரல்வரைக்கும் பஞ்சு. வடக்கே பனிமலையில் இருக்க வேண்டியவை, உயரம் சரியாக இருந்ததால் இங்கேயும் வந்து இறங்கின. துவைக்கிற கல்லுக்கு அடியில் இருந்த சந்தில், தங்கள் வயிற்று இறகையே பிடுங்கி மெத்தை போட்டுக் கூடு கட்டின. கீழ்பென்னாத்தூர்க் கொல்லைகளிலிருந்து காற்று மேலே தூக்கிவரும் வண்டும் பூச்சியும் மாடிப் பனியில் விறைத்து விழும், அவைதான் தீனி. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் சக்கரவர்த்தி கேள்விப்பட்டு வந்தார். பதினோராவது படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பைனாகுலரில் பார்த்தபடியே கன்னியம்மாளுக்குச் சொன்னார்: "உயரத்துல இருக்கிற பறவை முட்டை கம்மியா போடும்மா. லேட்டா போடும். ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி அடைகாக்கும். பதிலுக்கு ஒரு குஞ்சுக்கு ஜாஸ்தி நாள் ஊட்டும்." ரெண்டு முட்டை இருக்குதே சார் என்று அவள் கேட்டாள். "ரெண்டாவது ஸ்டெப்னி மாதிரி. மொதல்ல வந்தது சரியில்லன்னாத்தான் அது. சரியா இருந்தா வேண்டியதில்ல. நீங்க எதுலயும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, காதை அடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆனி மாதம் இரண்டும் பொரித்தன. ஐந்தாம் நாள் மூத்த குஞ்சு முதுகைக் கொடுத்து இளையதை நெம்பி மாடி ஓரத்துக்குத் தள்ளி, வெளியே விட்டது. முட்டைக்குள் இருந்த நாளையும் சேர்த்தால் அந்தக் குஞ்சுக்கு மேலே வந்து சேர ஒரு மாதம் ஆகியிருந்தது; அதனால் விழவும் ஒரு மாதம். மாடி விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே, வாயைப் பிளந்துகொண்டு அந்தரத்தில் இருந்தது. தாய்ப் பறவை விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. கழுத்தை நீட்டினால் எட்டும். அது சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இறகாக எடுத்து, அலகில் இழுத்து, பொறுமையாகக் கோதியது. கன்னியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒற்றை விரலால் குஞ்சை அள்ளி எடுத்துக் கூட்டில் வைத்தாள். அன்றைக்கே இரண்டு பறவைகளும் கூட்டைவிட்டுப் போய்விட்டன. மூன்றாம் நாள் மூத்தது செத்தது, நாலாம் நாள் இளையது. சக்கரவர்த்தி வந்தபோது அழுதுகொண்டே சொன்னாள். "பாவம் பாத்து ஒண்ணக் காப்பாத்தப் போயி ரெண்டயும் கொன்னுட்டீங்களே" என்றார் அவர். ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். அவள் அதை மந்திரம் மாதிரி மனதில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஆனியில் இன்னொரு ஜோடி கட்டிய கூட்டில் அவள் கை வைக்கவில்லை. இளைய குஞ்சு வெளியே போனது, தாய் சிறகைக் கோதியது, மூத்தது கூட்டில் கொழுத்தது. அந்தரத்தில் இருக்கிறதற்குப் பசி தெரியாது என்று தெருவில் சிலர் சொன்னார்கள். பிளந்த வாயை அருகில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒன்பதாம் நாள் குஞ்சு தாயை ஒரு முறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. பத்தாம் நாள் மனம் கேட்காமல் கன்னியம்மாள் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அம்மிக்கல்லாகக் கனத்தது. வாய் திறந்திருக்கும்வரை பஞ்சு, மூடிவிட்டால் கல் என்று தெரிந்துகொண்டாள். மாதம் முடிந்து அது முற்றத்தைத் தொட்டதும் செத்தது, தங்கம்மாள் முறத்தில் அள்ளி வேலியோரம் போட்டாள். மூத்த குஞ்சு ஐப்பசியில் சிறகடித்துப் போயிற்று. ஒன்று போய் ஒன்று பிழைத்தது. கணக்கு பிசகவில்லை. அது பறக்கும்வரை காத்திருக்காமல் அந்த ஆடியிலேயே கன்னியம்மாள் தன் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள், அதன் பிறகு இறங்கவில்லை. தான் பறவை இல்லை என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் போனது.

மதிவதனிக்கு அப்போது ஒன்றரை வயது. நாலு மாதம் முற்றத்தில் நின்று மேலே பார்த்து அழுதது. கார்த்திகை மாதக் குளிரில், குஞ்சுகள் போன பிறகும் தங்கிய பெரிய பறவைகள் கீழே இறங்கி வந்து நடுப்படிகளில் ஒண்டிக்கொள்ளும்; மாசியில் படிக்கு இத்தனை நாள் என்று தங்கித் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டே திரும்ப ஏறும். குழந்தை அதைப் பார்த்ததோ என்னவோ, 1992 தீபத்தன்று தத்தித் தத்திப் போய் முதல் படியில் உட்கார்ந்தது. தூக்கினால் கத்தியது. அங்கேயே தூங்கியது. சோறும் அங்கேதான். தங்கம்மாள் அடித்துப் பார்த்தாள், படிக்கட்டுக்குக் கதவு போட்டுப் பார்த்தாள். குழந்தை கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று நாள் பட்டினி கிடந்தது. கதவைக் கழற்றினார்கள். அடுத்த தீபத்தன்று இரண்டாவது படிக்குப் போனது. ஒரு வருஷத்துக்கு ஒரு படி. அவசரப்பட்டு இரண்டு படி ஏறிய ஒரு நாள் வாந்தி எடுத்து மயங்கியது, அதற்குப் பிறகு அவசரப்படவில்லை.

முதல் சில வருஷங்கள் தீபத்தன்று மேலே பார்த்துக் கூப்பிடும். "யம்மா, மூணு வந்துட்டேன்." "யம்மா, நாலு." கன்னியம்மாளும் எட்டிப் பார்த்து, சரி கண்ணு என்பாள். அப்படி எட்டிப் பார்த்த நாட்களில் எழிலரசி சாப்பிடமாட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவாள். ஒரு தடவை ஐந்து நாள் உட்கார்ந்தாள், மார்க்கூடு தெரிய ஆரம்பித்தது. கன்னியம்மாளுக்குப் பழைய கூடு ஞாபகம் வந்தது. ஐந்தாவது படியிலிருந்து மதிவதனி கூப்பிட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. ஆறாவதிலும் சொல்லவில்லை. மதிவதனி தினமும் இறங்கிப் பள்ளிக்கூடம் போய்விட்டுச் சாயங்காலம் தன் படிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். எட்டாவது படிக்கு வந்த வருஷம் கீழ்க்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. தரையில் கால் வைத்தால் மூச்சு அடைத்தது. பள்ளிக்கூடம் நின்றது. இனிமேல் அவளுக்கு மேலே போவது தவிர வேறு போக்கிடம் இல்லை. தங்கம்மாள் கம்பில் தூக்குச்சட்டியை மாட்டி நீட்டுவாள். "உங்கம்மாக்காரி உன்ன வேணாம்னுதான்டி மேல போனா. எறங்கி வந்துடுறி" என்று அழுவாள். மதிவதனி சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவித் திருப்பி மாட்டுவாள்.

எழிலரசி மேலே நன்றாகவே வளர்ந்தாள். அகலமான மார்பு, எப்போதும் சிவந்த கன்னம், கைகால்களில் மெல்லிய வெண்பஞ்சு. கொஞ்சம்தான் தின்பாள், உட்கார்ந்தபடியே தூங்குவாள். பேச்சு அதிகம் கிடையாது. கன்னியம்மாள் தலைபின்னிவிட, கீழிருந்து கயிற்றுக் கூடையில் வரும் சோற்றை முதலில் அவளுக்கு ஊட்ட, ஒரே கம்பளிக்குள் அவளை அணைத்துக்கொண்டு பனிக்காலத்தைத் தாண்ட, பதினைந்து வருஷம் போயிற்று. ஒவ்வொரு தீபத்துக்கும் படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம் இன்னும் கிட்டத்தில் வந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று. அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் கன்னியம்மாள் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். மகள் வருகிறாளே என்று பாதி, மகள் வருகிறாளே என்று பாதி. பன்னிரண்டாவது படியில் மதிவதனியின் உச்சந்தலை தெரிந்தது. பதினைந்தாவது படிக்கு வந்தபோது ஒரு வருஷம் முழுக்க இரண்டடித் தூரத்தில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் அந்த ஒரு வருஷமும் படிக்கட்டுக்கு முதுகு காட்டியே துணி துவைத்தாள்.

2007 தீபத்தன்று சாயங்காலம் மதிவதனி மாடியில் கால் வைத்தாள். பதினாறு வயது முடியப்போகிறது. தங்கம்மாளின் பழைய சேலையைக் கட்டி, தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். கையில் தூக்குச்சட்டி, அம்மாவுக்கென்று அன்றைய பொரி உருண்டையைத் தின்னாமல் எடுத்து வைத்திருந்தாள். "யம்மா, வந்துட்டேன்மா" என்றாள். கன்னியம்மாள் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக முழு முகத்தையும் பார்த்தாள். தன் மடியில் கிடக்கிற அதே முகம்தான். மார்பு நனைந்த மாதிரி இருந்தது. அதற்குள் எழிலரசி எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஆத்திரம் இல்லை, அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குகிறவளின் முகம். முதுகைத் திருப்பி, தோளைக் கொடுத்து, தங்கையை நெம்பிக்கொண்டே தெருப்பக்கத்து ஓரம்வரைக்கும் போனாள். வேடியப்பன் கைப்பிடிச் சுவர் வைக்காமல் மிச்சம் பிடித்திருந்த ஓரம் அது. மதிவதனி எதிர்த்துத் தள்ளவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனாள். கன்னியம்மாள் அப்போது கூந்தலை அவிழ்த்துவிட்டாள். முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சிக்கெடுக்க ஆரம்பித்தாள். மலை உச்சியில் தீபம் ஏறியது, ஊர் அரோகரா போட்டது, பொரி உருண்டை முதலில் கீழே போயிற்று.

ஏறுவதற்குப் பதினைந்து வருஷம் எடுத்தவள் விழுவதற்கும் பதினைந்து வருஷம் எடுக்க வேண்டும். மதிவதனி மாடி விளிம்புக்குச் சற்றுக் கீழே, நிமிர்ந்த வாக்கில், வாயைத் திறந்தபடி அந்தரத்தில் நின்றாள். வேடியப்பன் ஏணி கொண்டுவந்து வைத்தான். ஏணியின் உச்சியும் பதினாலாயிரம் அடி என்பதால் பத்தாவது குச்சியில் மயங்கி விழுந்தான். இன்னும் மூன்று பேர் மயங்கினார்கள். ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுப்பதா வேண்டாமா என்று கேட்டதற்கு, தரையைத் தொடட்டும் பார்க்கலாம் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மேலேயிருந்துதான் தூக்க முடியும், அதற்கு ஒற்றை விரல் போதும். கன்னியம்மாளுக்கு அது தெரியும். தெரிந்தும் வருஷம் ஒன்றாயிற்று. எழிலரசி தூங்கிய நேரம் எத்தனையோ இருந்தது. விளிம்புவரைக்கும் போய்விட்டுத் திரும்பிய நேரமும் இருந்தது. தூக்கிவிட்டால் இரண்டும் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கொடியில் துணியைப் போட்டால் சொட்டுகிற தண்ணீர் மதிவதனியின் வாய்க்குள் விழும், அவள் குடிப்பாள். அதைப் பார்த்துவிட்ட பிறகு கன்னியம்மாள் துணியைச் சரியாகப் பிழியாமல் போடத் தொடங்கினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான் என்று எழுதினால் அது பொய்.

2009 ஐப்பசியில் எழிலரசி போய்விட்டாள். அந்த வருஷத்துக் குஞ்சு வளர்ந்து, இளம் பறவைகள் கிளம்புகிற காலை. கன்னியம்மாள் தலைபின்ன எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். எழிலரசி எழுந்து விளிம்புக்குப் போனாள், கைகளை விரித்தாள், பஞ்சு காற்றில் விரிந்தது, அவற்றோடு சேர்ந்து வடக்குப் பார்த்துப் போனாள். சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாக வளர்ந்த குஞ்சு அப்படித்தான் போகும் என்று பதினெட்டு ஐப்பசியாகக் கன்னியம்மாள் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் கையில் எண்ணெயோடு வெகுநேரம் நின்றாள். பிறகு ஓடினாள். விளிம்பில் குப்புறப் படுத்து, கையை நீட்டி மதிவதனியின் தலையைத் தொட்டாள். "வாடி கண்ணு. வந்துடுறி. அவ போய்ட்டா. இனிமே நீதாண்டி எனக்கு, ஏறி வந்துடு" என்று கத்தினாள். மதிவதனி வாய் திறந்துதான் இருந்தது. அவள் அக்கா போன வடக்குத் திசையை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் எண்ணெய்க் கையோடு தன்மேல் குனிந்திருக்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கன்னியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தோளைப் பிடித்து இழுத்தாள், சேலையைக் கட்டி இழுத்தாள். எட்டுப் பேரால் அசைக்க முடியாத கல்லின் கனம் இருந்தது. சாயங்காலம்வரை இழுத்துவிட்டு, சேலைத் தலைப்பை அப்படியே தொங்கவிட்டுவிட்டு விளிம்பிலேயே படுத்துக்கொண்டாள். பத்து வருஷமாகியும் இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறாள். மகள் வருஷத்துக்கு ஒரு படி இறங்க, இறங்க, சேலையை இன்னும் கொஞ்சம் நீளமாகத் தொங்கவிடுகிறாள். தெருவுக்கு அது பழகிவிட்டது. தபால்காரர் தலையை ஒதுக்கிக்கொண்டு போவார். வேடியப்பன் வண்டியை அந்த இடத்தில் நிறுத்துவதில்லை. மத்தியானத்தில் மதிவதனியின் நிழல் வாசல் முற்றத்தில் விழும்; நிழல் விழுகிற இடத்தில் மிளகாய் காயாது என்பதால் தங்கம்மாள் முறத்தைச் சற்றே நகர்த்தி வைப்பாள்.